வராமலிருக்க ஒரு மாத்திரை

ஜமுனாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் வாயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பழவேற்காடு ஏரிக்கரையில் மணல்மேட்டுக் குப்பம் என்று ஒரு சின்ன ஊர். அங்கே படகு இன்ஜினுக்கு அடுத்தபடியாகத் தூரத்துக்குக் கேட்கிற சத்தம் அவள் குரல்தான். நண்டுக் கூடையைத் தலைக்கு ஏற்றிவிட ஆள் வரவில்லையென்றால் திட்டுவாள். ஷேர் ஆட்டோக்காரன் கூடை நாறுகிறது என்று முகத்தைச் சுளித்தால் அவன் பரம்பரையையே இழுப்பாள். ஏரித் தண்ணீர் நிறம் மாறி இறால் செத்து ஒதுங்கினால், அதற்குக் காரணமானவன் எந்த ஊரில் எந்த ஏசி அறையில் உட்கார்ந்திருந்தாலும் இங்கிருந்தே அவனுக்கும் கொடுப்பாள். அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவன் இல்லை என்று ஊரில் பேச்சு.

அதே ஊரில் யாருக்காவது பிரசவ வலி எடுத்தால் முதலில் ஓடி வருகிறவளும் அவள்தான். வழி நெடுக டிரைவரைத் திட்டிக்கொண்டே பொன்னேரி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். குழந்தை பிறந்ததும் அங்கே இருப்பவர்களையும் ஒரு மூச்சு திட்டிவிட்டுத்தான் ஊர் திரும்புவாள். அவள் அப்படிக் கூட்டிக்கொண்டு போய்க் காப்பாற்றிய பெண்களில் ஒருத்தி செவ்வந்தி. ஜமுனாவின் கொழுந்தன் தமிழ்வாணனுடைய பெண்டாட்டி, அடுத்த வீட்டுக்காரி. இந்தக் கதையில் அவள் செய்த காரியம் ஒன்று இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஜமுனாவுக்கு நாற்பது வயது. ஒரே மகள் அர்ச்சனா திருவள்ளூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். புருஷன் சிங்காரம். நல்ல வலைக்காரன், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. ஏரியின் முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டு மீன்பாடு குறைந்துபோன வருஷங்களில், அவன் மங்களூர்ப் பக்கம் விசைப்படகு வேலைக்குப் போனான். பண்டிகைக்கு வருவான், திரும்பிப் போவான். கடைசியாக வந்தபோது இருமலோடு வந்தான். சட்டை தோளில் தொங்கியது. டிபி என்றார்கள். அதற்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் இன்னொரு ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். எச்.ஐ.வி. இருக்கிறது என்று வந்தது.

ஜமுனாவையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்கள். அவள் அழவில்லை. "எனக்கு?" என்று மட்டும் கேட்டாள். ரத்தம் எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. சில மாதம் கழித்து மறுபடி எடுத்தார்கள், அப்போதும் இல்லை. எப்படித் தப்பித்தாள் என்று அவளுக்கே தெரியாது. சாமி காப்பாற்றியது என்று சிங்காரம் சொன்னான். "சாமிக்கு வேற வேல இல்ல, நீ போற எடத்துக்கெல்லாம் பின்னாலயே வந்து காப்பாத்தறதுக்கு" என்றாள்.

அதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அதுதான் கொடுமை. சுவருக்குச் சுவர் ஒட்டிய குடியிருப்பு அது. இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். விஷயம் வெளியே போனால் சிங்காரத்தை எந்த வலைக்கும் சேர்க்க மாட்டார்கள். ஆகவே ஊரையே ஒரு சத்தத்தில் அடக்குகிறவள், தன் வாழ்க்கையில் திட்ட வேண்டிய ஒரே ஆளைத் திட்ட வேண்டிய நேரத்தில், குசுகுசுவென்று திட்டப் பழக வேண்டியிருந்தது. அவன் அவளுக்குச் செய்த துரோகத்தைவிட இது பெரிய துரோகம் என்று எனக்குத் தோன்றும். கோபப்படக்கூட அவளுக்கு அனுமதி இல்லை.

சிங்காரத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். தினமும் சாப்பிட வேண்டும், ஒரு நாள் விடக்கூடாது. அவன் அதை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தான். ஏரியில் வலை போட்டுவிட்டுக் கூட்டாளிகளோடு படகிலேயே தங்கும் நாட்களில், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று மாத்திரையை எடுத்துப் போகமாட்டான். இப்படி வாரத்தில் பாதி நாள் போனது. ரத்தத்தில் கிருமி குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை என்று டாக்டர் சத்தம் போட்டார். சிங்காரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தலை குனிந்து நிற்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் ஜமுனாவுக்கு ரோஸ்மேரியைத் தெரிய வந்தது. சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்துக் கிளினிக்கில் ஆலோசகராக இருப்பவள். யாரிடமும் குரலை உயர்த்தாத பெண். அதனாலேயே ஜமுனாவுக்கு முதலில் அவளைப் பிடிக்கவில்லை.

"உங்களுக்கு நோய் இல்லக்கா. இனிமேலும் வராம இருக்க ஒரு மாத்திரை இருக்கு, தினம் ஒண்ணு" என்றாள் ரோஸ்மேரி.

"நோவு அவனுக்கு, மாத்திரை எனக்கா? இன்னா நாயம்மா இது?"

"அவர் மருந்த ஒழுங்கா எடுத்து, கிருமி டெஸ்ட்லயே தெரியாத அளவுக்குக் குறைஞ்சு, அப்படியே இருந்துச்சுன்னா அவர்கிட்டேருந்து உங்களுக்கு வராது. ஆனா அவர் ஒழுங்கா எடுக்கலயே. அவர் எடுத்தாலும் எடுக்காட்டியும் இது உங்க கையில இருக்கிற பாதுகாப்பு. அவர் ஆணுறையும் போட்டுக்கணும், நீங்க அப்பப்ப ரத்தம் கொடுத்துப் பாக்கணும்."

"அவனக் கிட்டயே சேக்காம இருந்தா ஒரு மாத்திரையும் வோணாம்."

"அப்படி இருக்க முடியும்னா சரிக்கா."

ஜமுனா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "கோவம் கீது. நெஞ்சு பத்திகினு எரியற கோவம். ஆனா புருசனும் வோணும். இன்னா பண்ணச் சொல்ற?" என்றாள். ரோஸ்மேரி சிரிக்கவும் இல்லை, அறிவுரை சொல்லவும் இல்லை. மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு ஜமுனாவுக்கு அவளைப் பிடித்துப் போய்விட்டது.

காலையில் கஞ்சி குடித்ததும் ஒரு மாத்திரை. முதலில் சில நாட்கள் குமட்டியது. ஜமுனா மாத்திரையையும் திட்டினாள், திட்டிக்கொண்டே விழுங்கினாள். வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவைக் குங்குமச் சிமிழுக்கும் சீப்புக்கும் பக்கத்தில் அலமாரியிலேயே வைத்தாள்.

"உள்ள வையேன்மே. யார்னா பாத்தா?" என்று சிங்காரம் பதறினான்.

"பாக்கட்டும். ஊர் மேய்ஞ்சது நானா? எதுக்கு நான் ஒளிக்கணும்?"

பார்த்தாள், செவ்வந்தி. சர்க்கரை கடன் வாங்க வந்தவள் அலமாரியைக் காட்டி, "இது இன்னாக்கா மாத்திரை?" என்று கேட்டாள். ஜமுனாவுக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொல்லவும் முடியாது. "தடுப்பு மாத்திரை" என்றாள். அது பொய் இல்லை. ஆனால் எங்கள் பக்கம் ஒரு பொம்பளை தடுப்பு மாத்திரை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், கர்ப்பம் தரிக்காமல் இருக்கப் போடுவது. செவ்வந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாயங்காலத்துக்குள் குழாயடியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "இன்னாடி ஜமுனா, புருசன் ஊரோட வந்துட்டான்னு ஒரே குஷியா?" என்று முனியம்மா கேட்டாள். "உனக்கு இன்னாடி வயித்தெரிச்சல்?" என்று ஜமுனா திருப்பிக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதோடு முடிந்திருந்தால் நான் ஏன் இதைச் சொல்லப்போகிறேன்.

செவ்வந்திக்கும் அந்த மாத்திரை வேண்டியிருந்தது. மூன்றாவது பிள்ளை வேண்டாம் என்பது அவள் எண்ணம், தமிழ்வாணனிடம் சொல்லத் தைரியம் இல்லை. ஜமுனா இல்லாத நேரத்தில் உள்ளே போய் டப்பாவைப் போனில் படம் எடுத்தாள், மெடிக்கலில் காட்டி வாங்கலாம் என்று. அதற்குமுன் போனிலேயே அது என்ன என்று தேடிப் பார்த்தாள். போன் எச்.ஐ.வி. மருந்து என்று சொன்னது. அதற்குக் கீழே, நோய் வராமல் தடுக்கவும் கொடுப்பார்கள் என்று இருந்திருக்கும். அவ்வளவு தூரம் யார் படிக்கிறார்கள்? முதல் வரியைப் படித்ததும் போனைக் கீழே போட்டுவிட்டு, நேராகக் குழாயடிக்குச் சொல்ல ஓடினாள்.

அடுத்த நாள் காலை ஜமுனா குழாயடிக்குப் போனபோது, வரிசையில் இருந்த குடங்கள் எல்லாம் ஒரு பக்கமாய் நகர்ந்தன. இன்னதென்று புரியாமல் தண்ணீர் பிடித்தாள். ஷேர் ஆட்டோவில் அவள் ஏறியதும் இரண்டு பெண்கள் இறங்கி அடுத்த வண்டிக்கு நின்றார்கள். படகுக்குக் கஞ்சி எடுத்துப் போனால், "வேணாம்மா, சாப்ட்டோம்" என்றார்கள், சாப்பிடாத வாயோடு. மூன்றாம் நாள் முனியம்மாதான், அவளுக்கு எதையும் மூடிவைக்கத் தெரியாது, நேராகக் கேட்டாள்: "உனக்கு எய்ட்ஸாமே? எளாவூரு லாரிக்காரங்ககிட்டேருந்து வந்துச்சாமே?"

ஜமுனா எளாவூர் செக்போஸ்ட் பக்கம் சாலையோரத்தில் நண்டு விற்பவள். லாரிக்காரர்கள் நிறுத்தி வாங்குவார்கள். பேரம் பேசுவாள், கிண்டல் செய்தால் கிண்டல் செய்வாள், மிஞ்சினால் செருப்பைக் கழற்றுவாள். இத்தனை வருஷமாக அவள் அங்கே உட்கார்ந்து விற்றதுதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது, மகளைப் படிக்கவைத்தது. அப்போதெல்லாம் ஊரில் ஒருவனுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. இப்போது எல்லோருக்கும் ஒரே நாளில் எல்லாம் விளங்கிவிட்டது. பொம்பளை ரோட்டில் உட்கார்ந்தாள், நோவு கொண்டுவந்தாள். கணக்கு எவ்வளவு சுலபமாக முடிகிறது பாருங்கள். மூன்று வருஷம் மங்களூரில் இருந்துவிட்டு எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்த ஆம்பளை ஒருத்தன் அதே வீட்டில் இருக்கிறானே என்று ஒரு நாய்கூட நினைக்கவில்லை.

நினைக்காதது மட்டுமா? சிங்காரத்தின் மேல் எல்லோருக்கும் இரக்கம் பொங்கியது. "பாவம்டா சிங்காரம், பொண்டாட்டி இப்படிப் பண்ணிட்டாளே" என்று டீக்கடையில் தோளில் கை போட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவன் அந்த டீயை வாங்கிக் குடித்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளாசைக் கீழே வைக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

இது ஜமுனாவுக்குத் தெரிந்தபோது அவள் கதவைச் சாத்திவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"சொல்லு. போய்ச் சொல்லு ஊர்ல, நோவு உனக்குன்னு."

"சொன்னா பாடு பூடும்மே."

"அப்ப என் பேரு பூட்டா பரவால்லியா?"

அவன் தரையைப் பார்த்தான். "கொஞ்ச நாள்ல மறந்துருவாங்க" என்றான்.

பாடு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஏரியில் இறால் ஏறி வருகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை போட்டால் வெட்டு குத்தாகிவிடும். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று முறை பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. கல்யாணம் ஆனவனுக்குத்தான் பாடு. தனி ஆளுக்குக் கிடையாது, எவ்வளவு பெரிய வலைக்காரனாக இருந்தாலும். பாடு உள்ளவனுக்கு ஊரில் பேச்சுண்டு, கோவிலில் மரியாதை உண்டு. பாடு போனவன் அடுத்தவன் வலையில் கூலிக்கு இழுக்க வேண்டியதுதான். ஆகவே சிங்காரம் பயந்ததை நான் பொய் என்று சொல்லவில்லை. அந்தப் பயத்துக்கு விலையாக அவன் எதைக் கொடுத்தான் என்பதைத்தான் பேசுகிறேன்.

ஜமுனா ஆளில்லாத ஏரிக்கரைக்குப் போய் ரோஸ்மேரிக்குப் போன் போட்டாள். ஊருக்குள் இதைக் கத்த இடம் கிடைக்காதவள் போனில் கத்தினாள். ரோஸ்மேரி பொறுமையாகக் கேட்டாள். "உங்களுக்கு இல்லைன்னு டெஸ்ட் இருக்குக்கா, அதைக் காட்டலாம். அவருக்கு இருக்குங்கறத அவர்தான் சொல்லணும், நீங்களோ நானோ சொல்லக்கூடாது. யாரையும் இதுக்காக ஊரைவிட்டுத் தள்ளவும் கூடாது, சட்டம் இருக்கு. நாங்க வந்து ஊர்ல பேசட்டுமா?"

"நீ வந்து இன்னா சொல்லுவ? எனக்கு இல்ல, வராம இருக்கச் சாப்புடறேன்னு சொல்லுவ. அடுத்த கேள்வி இன்னா கேப்பாங்க? யாருகிட்டேருந்து வராம இருக்கன்னு கேப்பாங்க. அப்ப இன்னா சொல்லுவ?"

அந்த மாத்திரையில் அதுதான் சிக்கல். ஜமுனா தன்னைக் காப்பாற்ற எந்த உண்மையைச் சொன்னாலும் அது சிங்காரத்தின் கழுத்தில் போய் விழும். சொல்லாமல் விட்டால் அவள் கழுத்தில் விழும். இரண்டு கழுத்தில் எது என்பதை அவன் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டான்.

அந்த வாரம் ஊர்க்கூட்டம். சிங்காரத்தின் பாடு வரப்போகிறது. அவனோடு சேர்ந்து வலை போட வேண்டிய ஆட்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு வருகிறவனோடு ஒரே படகில் எப்படி ஏறுவது என்று கேட்டார்கள். காலையில் மீன் கரையேறிய பிறகு, கோவிலுக்கு முன்னால் பந்தலில் ஆம்பளைகள் உட்கார்ந்தார்கள். பாடு பேசும் கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. ஜமுனா போனாள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊர்த் தலைவர் பூபதி அவளைப் பார்க்காத மாதிரி சிங்காரத்திடம் பேசினார். "தம்பி, உன் மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீ நல்லவன். உன் பாடு உனக்குத்தான். ஆனா அந்தப் பொண்ண அம்மா வூட்டுக்கு அனுப்பிடு. வூட்டுக்குப் போய் இருக்கட்டும். அதான் ஊருக்கு நல்லது."

"அதச் செய்ண்ணா" என்றான் தமிழ்வாணன். அவன் பெண்டாட்டியைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு ஓடியவளைப் பற்றித்தான் சொல்கிறான்.

ஜமுனா வாயைத் திறந்தாள். "மாமா, எனக்கு நோவு இல்ல. ஆஸ்பத்திரில பாத்தாச்சு. போன மாசங்கூடப் பாத்தாச்சு. நான் சாப்புடறது நோவு வராம இருக்கறதுக்கு."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பூபதி முதல்முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் எதிர்பார்த்த கேள்விதான். "வராம இருக்கறதுக்கா? யாருகிட்டேருந்தும்மா வராம இருக்கறதுக்கு?"

எல்லோரும் காத்திருந்தார்கள். ஜமுனா சிங்காரத்தைப் பார்த்தாள். அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள் என்று சொல்ல வேண்டும். அவன் தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"ஆம்பளைங்ககிட்டேருந்து" என்றாள் ஜமுனா. "வேலைக்குன்னு ஊர் ஊராப் போறீங்களே, போட்டுக்குப் போறீங்க, துறைமுகத்துக்குப் போறீங்க, ஆந்திராவுக்குப் போறீங்க, மாசக்கணக்குல தனியாத் தங்கறீங்க. எவனாவது ஒருத்தன் திரும்பி வந்து ரத்தம் குடுத்துப் பாத்துகினு பொண்டாட்டிகிட்டப் போயிருக்கியா? கைய தூக்கு. சாப்புடறது நான் ஒருத்தி. சாப்புட வேண்டிய பொம்பளைங்க இந்தக் குப்பத்துல எத்தினி பேரோ."

பந்தலே எழுந்துவிட்டது. வாய்க்கு வந்தபடி பேசுகிறாள், இவளை இழுத்துத் தள்ளு என்று நாலைந்து குரல். பூபதி கையை உயர்த்தி அடக்கினார். "ஊர் கதை வேணாம். சிங்காரம், உன் பொண்டாட்டி. நீ சொல்லு. இன்னா பண்ணப் போற?"

சிங்காரம் நிமிரவில்லை. "அவ பாடு, அவ பாத்துக்கட்டும்" என்றான்.

சாதாரணமாக எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அவரவர் கஷ்டம் அவரவருக்கு என்று அர்த்தம். ஆனால் பாடு பேசுகிற பந்தலில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. ஜமுனாவின் முகத்தில் அதுவரை மிச்சம் இருந்த ஏதோ ஒன்று அத்தோடு போனது. குரல் உயரவில்லை. அவளை அறிந்தவர்களுக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது.

"என் பாடா? சரி. என் பாட்ட நான் பாத்துக்கறேன். மாமா, ஒண்ணு கேக்கறேன். கல்யாணம் ஆவாதவனுக்கு இந்த ஊர்ல பாடு உண்டா?"

"கிடையாது. அது தெரிஞ்சதுதான" என்றார் பூபதி.

"பொண்டாட்டிய அறுத்துவுட்டு அம்மா வூட்டுக்கு அனுப்பினவனுக்கு?"

பூபதிக்குப் பக்கத்தில் இருந்த வயதானவர் ஒருவர், "குடும்பம் இல்லாதவனுக்குப் பாடு இல்ல, அதான் முறை" என்று முணுமுணுத்தார்.

"கேட்டுகினீங்கல்ல. நான் இப்பவே கிளம்பறேன். தாலியக் கழட்டி இந்தப் பந்தல்லயே வெச்சுட்டுப் போறேன். அடுத்த பாட்டுல இவன் பேருக்குச் சீட்டுப் போட்டீங்கன்னா எளாவூர்லேருந்து வந்து கேப்பேன். உங்க முறை, நான் எழுதல." அவள் கை கழுத்துக்குப் போனது.

சிங்காரம் எழுந்துவிட்டான். "இருமே, இரு" என்றான். "நோவு அவளுக்கு இல்ல. எனக்குத்தான். மங்களூர்ல வந்துச்சு. அவ என்கிட்டேருந்து வராம இருக்கத்தான் சாப்புடறா."

அவளுக்காக எழுந்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்டாட்டி பெயர் நாறியபோது எழாதவன், பாடு போகப்போகிறது என்றதும் எழுந்தான். ஜமுனாவுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

இனி இவனை அடிப்பார்களோ, தள்ளிவைப்பார்களோ என்று ஜமுனாவே ஒரு நொடி கலங்கினாள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

"அட, பொழைக்கப் போன எடத்துல நடந்து போச்சு. ஆம்பளன்னா அப்படி இப்படித்தான்" என்றார் ஒருவர். "இப்பல்லாம் மருந்து வந்துருச்சுப்பா, ஒழுங்காச் சாப்ட்டா ஒண்ணும் ஆவாதாம்" என்றார் இன்னொருவர். "கூட உக்காந்து சாப்ட்டாலெல்லாம் ஒட்டாது, டிவிலயே சொல்றான்" என்றான் தமிழ்வாணன். அரை மணி முன்னால் அவள் தொட்ட கஞ்சிக்குப் பயந்தவர்கள் எல்லாம் திடீரென்று டாக்டராகிவிட்டார்கள். அவ்வளவு விவரமும் அவர்களுக்கு முன்பே தெரியும். பொம்பளைக்கு அதைச் செலவழிக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். வலைக்கு வரமாட்டேன் என்றவர்களில் ஒருவன் எழுந்து வந்து சிங்காரத்தின் முதுகில் தட்டினான். நோவு இல்லாத பெண்ணுக்கு ஊரைவிட்டுப் போகச் சொல்லித் தீர்ப்பு. நோவு உள்ள ஆணுக்கு முதுகில் தட்டு.

சிங்காரத்தைத் தள்ளிவைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவனுக்குச் செய்தது சரி. அதே சரியை அவளுக்கு ஏன் செய்யவில்லை என்றுதான் கேட்கிறேன்.

பூபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி, விஷயம் முடிஞ்சுது. சிங்காரம் பாடு சிங்காரத்துக்கே. அடுத்த பேச்சுக்குப் போலாம்." பந்தல் காலைப் பிடித்தபடி ஜமுனா இன்னும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, "நீ வூட்டுக்குப் போம்மா" என்றார், ரொம்பப் பெரிய மனசோடு.

"எந்த வூட்டுக்கு?" என்று கேட்டாள் ஜமுனா.

அவள் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நடந்தாள்.

மத்தியானம் சிங்காரம் வந்தபோது அவன் பாய், தலையணை, துணி, மாத்திரை எல்லாம் வாசலுக்கு வெளியே இருந்தன. அவன் முகத்தில் பெரிய பாரம் இறங்கிய நிம்மதி. "நல்லவேள மே, எல்லாம் நல்லபடியா…" என்று ஆரம்பித்தான்.

ஜமுனா வாசலில் நின்று பழைய குரலில் பேசினாள். கோவில் வரைக்கும் கேட்டது. "பாடு உனக்கு, வூடு எனக்கு. வலைக் கொட்டாய்ல போய்ப் படு. மாத்திரைய நாலு பேர் பாக்க முழுங்கு, இனிமே ஒளிக்க ஒண்ணும் இல்ல. டீ வாங்கிக் குடிச்சியே, அப்ப இனிச்சுதா? என் பேர ஊரே கிழிச்சப்ப அந்த டீ தொண்டையில எறங்குச்சா?" அடக்கிவைத்திருந்த அத்தனை மாதத்துத் திட்டையும் அன்றைக்கு ஒன்றுவிடாமல் திட்டினாள். தெருவே வாசலுக்கு வந்து நின்று கேட்டது. ஒருவரும் அவளை நிறுத்தவில்லை.

சாயங்காலம் செவ்வந்தி மீன் குழம்புக் கிண்ணத்தோடு வந்தாள். "எனக்கு இன்னாக்கா தெரியும். போன்ல அப்படித்தான் போட்டிருந்துச்சு" என்று அழுதாள்.

"லாரிக்காரன்னும் போன்லதான் போட்டிருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு ஜமுனா கிண்ணத்தைத் திருப்பிக் கையில் கொடுத்தாள்.

சிங்காரம் வலைக் கொட்டாயிலேயே இருக்கிறான். இப்போது கூட்டாளிகளே படகில் அவனுக்கு மாத்திரையை ஞாபகப்படுத்துகிறார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை வாசல் வரைக்கும் வந்து, மீனை வைத்துவிட்டு, ஏதாவது சொல்வாளா என்று நின்று பார்த்துவிட்டுப் போகிறான். ஜமுனா மீனை எடுத்துக்கொள்வாள். எளாவூருக்கு அதே இடத்துக்கு அதே கூடையோடு போகிறாள்.

அடுத்த முறை மாத்திரை வாங்க அவள் சென்னைக்குப் போனபோது ரோஸ்மேரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ரத்தம் எடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கித்தான் கேட்டாள். "அவரத்தான் வெளியே அனுப்பிட்டீங்களேக்கா. வேணும்னா இத நிறுத்திக்கலாம். இன்னும் எடுக்கணுமா?"

"குடு, குடு" என்று ஜமுனா டப்பாவை வாங்கிப் பைக்குள் போட்டாள். "அவன் எப்ப உள்ள வரணும்ங்கறத நான்தான் சொல்லுவேன். எனக்கு எப்ப தோணுதோ அன்னிக்கு நான் ரெடியா இருக்க வோணாமா?"